ஜமோவி: இலவசம்தான், ஆனால் நான்கு ரெப்ளிகேஷனுக்கு இரங்காது

பூச்சியியல் ஆய்வு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் தரவுகளில் பாதி, 0 முதல் 9 வரை போடப்பட்ட இலைச்சேத மதிப்பெண்கள். அவற்றுக்கு அனோவா (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட நான் விடுவதில்லை. முதலில் எண்களைத் தரவரிசையாக்கி எல்லாக் குழுக்களையும் ஒரேயடியாக ஒப்பிடும் க்ரஸ்கல்–வாலிஸ் சோதனை, பிறகு இரண்டிரண்டு குழுக்களாக ஒப்பீடு. அதற்கு ஜமோவி மென்பொருளைத்தான் கைகாட்டுகிறேன். காசு கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும், உள்ளே இருப்பது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி என்றாலும் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். டி.எஸ்.சி.எஃப். என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு; எல்லா இணைகளும் அட்டவணையாக வந்து நிற்கும்.

ட்வாஸ், ஸ்டீல், கிரிட்ச்லோ, ஃப்ளிக்னர் என்ற நால்வரின் பெயரைத் தாங்கிய சோதனை இது. எத்தனை ஒப்பீடுகள் என்பதற்கான திருத்தம் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த பி மதிப்பை (வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழே இருந்தால் வேறுபாடு உண்டு என்று கொள்வது வழக்கம்) மறுபடியும் ஒப்பீடுகளின் எண்ணிக்கையால், நான்கு குழுக்கள் என்றால் ஆறால், பெருக்கிப் 'போன்ஃபெரோனி செய்தேன்' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வாங்கும் முன் தட்டிப் பார்ப்பதுபோல் ஒன்று செய்யுங்கள். 1 முதல் 16 வரையிலான எண்களை வரிசை மாறாமல் நான்கு நான்காகப் பிரித்து நான்கு குழுக்களாக உள்ளிடுங்கள். ஒரு குழு இன்னொன்றைத் தொடவே இல்லை. இதைவிடத் தெளிவான வேறுபாடு எந்த வயலிலும் கிடைக்காது. க்ரஸ்கல்–வாலிஸ் 0.003 என்கிறது. டி.எஸ்.சி.எஃப். அட்டவணையிலோ ஆறு இணைகளில் ஒன்றுகூட 0.05-க்குக் கீழே இறங்குவதில்லை!

இது மென்பொருளின் பிழை அன்று, கணக்கு அப்படி. இந்தச் சோதனை ஒவ்வொரு இணையையும் தனியே எடுத்துத் தரவரிசைப்படுத்துகிறது. குழுவுக்கு நான்கு ரெப்ளிகேஷன் (ஒரே சிகிச்சையை மீண்டும் செய்த பதிவுகள்) என்றால், நான்குக்கு நான்கு என மொத்தமே 70 அமைப்புகள்தான்; இரண்டு குழுக்களை ஒப்பிடும் வில்காக்ஸன் சோதனை தரக்கூடிய மிகச் சிறிய இருபக்க பி மதிப்பு 2/70, அதாவது 0.029. ஆறு ஒப்பீடுகளுக்குத் திருத்தினால் அது எங்கே நிற்கும்? குழுவுக்கு ஐந்து வைத்தால் 2/252. அப்போதுதான் கதவு திறக்கிறது. ஆகவே சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் செடித் தொட்டிகளை அடுக்குவதற்கு முன்பே.

ஆலிவ் ஜீன் டன் 1964-இல் தந்த முறை எல்லாக் குழுக்களையும் சேர்த்துத் தரவரிசைப்படுத்துகிறது. அதே 16 எண்களில் முதல் குழுவுக்கும் நான்காவதற்கும் போன்ஃபெரோனிக்குப் பிறகும் 0.002 வரும். இதற்கும் ஒரு விலை உண்டு: முதலாவதையும் நான்காவதையும் பற்றிய தீர்ப்பு, நடுவில் இருக்கும் இரண்டு குழுக்களின் எண்களையும் பொறுத்து மாறும். எனக்கு இது உறுத்தும்; பலருக்கு உறுத்துவதில்லை.

என் கணினியில் உள்ள ஜமோவிப் பதிப்பில் டன் இல்லை. வேண்டுபவர்கள் ஜாஸ்ப் என்ற மென்பொருள் பக்கம் போகலாம். அதுவும் இலவசம், போன்ஃபெரோனி, ஹோம் என்ற இரண்டு திருத்தங்களையும் அருகருகே தரும். ஆரில் டன்.டெஸ்ட் தொகுப்பை எடுப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: அது இயல்பாகத் தருவது ஒருபக்க பி மதிப்பு, அதை 0.025-உடன்தான் ஒப்பிட வேண்டும்.

ஜமோவியில் வந்த முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக ஜாஸ்புக்குத் தாவுகிற மாணவரின் ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.