இணை நிறுவனரா, ஆலோசகரா?

சென்னையில் மென்பொருள் நிறுவனம் தொடங்கும் ஒருவருக்கு விற்பனை தெரியாது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை தெரிந்த ஒருவரை இணை நிறுவனராகச் சேர்ப்பதா, ஆலோசகராக வைத்துக்கொள்வதா?

இணை நிறுவனர் முழுநேரம் உழைப்பவர். அவர் பங்கு பாதியாகக்கூட இருக்கலாம். அதனால்தான் அதை 4 ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாக்குவதும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவும் கிடையாது என்பதும் வழக்கம். நெருங்கிய நண்பர்கள்தான் இதை எழுதிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். எழுதாமல் விட்டு, ஆறாம் மாதம் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் பாதி நிறுவனம் அவர் பெயரிலேயே நிற்கும். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியலைப் பார்க்கும் முதலீட்டாளர் தயங்கத்தான் செய்வார்.

ஆலோசகர் மாதம் சில மணி நேரம் தருபவர். புதிதாக நிறுவனம் தொடங்குவோருக்குப் பயிற்சி தரும் அமெரிக்காவின் ஃபவுண்டர் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம், யோசனைக் கட்டத்தில் அவருக்கு 0.25 முதல் 1 சதவீதம் வரை பங்கு சொல்கிறது. இங்கே அதை அப்படியே நகலெடுக்க முடியாது. 2013 கம்பெனிகள் சட்டப்படி ஊழியர் பங்குத் திட்டம் ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்தான்; வெளி ஆலோசகருக்கு இல்லை. கட்டணமாகவோ, அவர் விலை கொடுத்து வாங்கும் பங்காகவோ பேசிக்கொள்ள வேண்டும்.

முதல் வாடிக்கையாளர்களைத் தேடி அலையும் கட்டத்தில் நான் இணை நிறுவனரையே தேர்வேன். ஆலோசகர் அறிமுகம் செய்துவைப்பார். படியேறிப் போய் விற்றுத் தரமாட்டார். மருத்துவமனைக் கொள்முதல் எப்படி நடக்கிறது என்பது போன்ற ஒரு துறை நுணுக்கம் மட்டும் வேண்டுமென்றால் ஆலோசகரே போதும்.