பஸ்டர் கீட்டன்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

மௌனப் படக் காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகர், இயக்குநர் கீட்டனைப் புதிதாகப் பார்க்க வருபவர்கள் தடுமாறுவது இந்த இரண்டில்தான்: 'ஷெர்லாக் ஜூனியர்' (1924), 'தி ஜெனரல்' (1926).

நேரம்: ஷெர்லாக் முக்கால் மணி. ஜெனரல் ஒன்றேகால் மணிக்குக் குறையாது.

கதை: ஷெர்லாக்கில் தூங்கிப்போன தியேட்டர் ஆபரேட்டர் கனவில் திரைக்குள்ளேயே நுழைகிறார். ஜெனரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர், திருடுபோன ரயில் இன்ஜின், துரத்தல். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் பக்கம் நாயகன் நிற்பது இன்று கொஞ்சம் உறுத்தும்.

சாகசம்: ஜெனரலில் எரியும் பாலத்திலிருந்து நிஜ இன்ஜினையே ஆற்றில் கவிழ்த்தார்கள். ஷெர்லாக்கில் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் தொங்கிய கீட்டனை, கொட்டிய நீர் தண்டவாளத்தில் அடித்துப் போட்டது. கழுத்தெலும்பு முறிந்தது பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது! சாகசத்தில் என் ஓட்டு ஷெர்லாக்குக்கே.

சரி, யாருக்கு எது? குழந்தைகளோடு சிரிக்க ஷெர்லாக். கீட்டன் ஏன் சறுக்கினார் என்று புரிய ஜெனரல்: செலவு எகிறியது, வசூல் படுத்தது, 1928இல் எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குப் போய் சுதந்திரத்தை இழந்தார்.