‘வேண்டாம்’ என்று தட்டினாலும் போகும் லொகேஷன்: இலவச ஆப், கேம் இறக்குவோருக்கு எச்சரிக்கை

‘உங்கள் இருப்பிடத்தை அறிய இந்த ஆப்புக்கு அனுமதி தரலாமா?’ என்று போன் கேட்கிறது. ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டு ஆட்டத்துக்குள் போய்விடுகிறோம். தட்டியதோடு விஷயம் முடிந்தது என்று நம்பி ஏமாந்தவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவர்கள் எப்படி ஏமாற்றப்பட்டார்கள் என்பது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி தொடுத்த வழக்குகளில் விவரமாகப் பதிவாகியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இங்கே நம் சட்டம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது புரியும்.

முதலில் ஒரு டார்ச் லைட் ஆப். ‘பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்’ என்று பெயர், உருவாக்கியது கோல்டன்ஷோர்ஸ் டெக்னாலஜீஸ். திறந்ததும் ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி, ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தார்கள். நீங்கள் எதையும் தட்டும் முன்பே துல்லியமான இருப்பிடமும் போனின் அடையாள எண்ணும் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன என்பது 2013 டிசம்பரில் எஃப்டிசி வைத்த குற்றச்சாட்டு. திரட்டியதை அழிக்கச் சொன்னார்கள், இனி முறையாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அபராதம் எதுவும் இல்லை.

இரண்டாவது வழக்கு நமக்கு நெருக்கமானது. பெங்களூரில் வளர்ந்த இன்மோபி என்ற மொபைல் விளம்பர நிறுவனம், 2016 ஜூனில் இதே எஃப்டிசியிடம் மாட்டியது. அதன் மென்பொருள் துண்டு ஆயிரக்கணக்கான ஆப்களுக்குள் பொருத்தப்பட்டிருந்தது. எஸ்டிகே என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். ஒவ்வொரு வைஃபை ரவுட்டருக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் உண்டு. லொகேஷன் அனுமதி கொடுத்த ஒருவர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் போனின் ஜிபிஎஸ் இடத்தையும் அங்கிருக்கும் ரவுட்டரின் எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்கிறார்கள். இப்படிச் சேரச் சேர எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடமே தயாராகிவிடும். பிறகு ‘வேண்டாம்’ என்று சொன்ன நீங்கள் அதே கடைக்கு வருகிறீர்கள். உங்கள் ஜிபிஎஸ்ஸை அவர்கள் தொடவே இல்லை, ரவுட்டர் எண்ணை மட்டும் படிக்கிறார்கள். வரைபடத்தில் தேடினால் நீங்கள் நிற்கும் இடம் கிடைத்துவிடுகிறது. பக்கத்து மேசைக்காரர் கொடுத்த அனுமதியில் நீங்கள் அகப்பட்டுவிட்டீர்கள்.

குழந்தைகளுக்கான ஆப்களிலும் இது ஓடியதால் குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் 40 லட்சம் டாலர் அபராதம் விதித்து, நிறுவனத்தின் நிதிநிலையைப் பார்த்து 9.5 லட்சமாகக் குறைத்தார்கள். இதில் கவலைப்பட வேண்டிய இன்னொன்று, அந்த ஆப்களை உருவாக்கியவர்களுக்கே இது தெரிந்திருக்கவில்லை. ‘நாங்கள் உங்கள் இருப்பிடத்தை எடுப்பதில்லை’ என்று அவர்கள் எழுதிவைத்தது, அவர்கள் அறியாமலே பொய்யாகிவிட்டது.

இந்தக் குறிப்பிட்ட ஓட்டை இன்று பெருமளவு அடைக்கப்பட்டுவிட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல், ரவுட்டர் எண்ணைப் படிக்கவே துல்லிய லொகேஷன் அனுமதி வேண்டும். ஆனால் ஐபி முகவரியிலிருந்து, அதாவது உங்கள் இணைய இணைப்புக்கு உரிய எண்ணிலிருந்து, ஊரைக் கண்டுபிடிக்க எந்த அனுமதியும் தேவையில்லை, அதை அமைப்புகளில் நிறுத்தவும் முடியாது. விளம்பரம் காட்டும் ஆட்டங்களில் வேறொரு கசிவும் உண்டு. திரையில் ஒரு விளம்பர இடம் காலியானதும் நொடிப்பொழுதில் ஏலம் நடக்கிறது. ஏலத்தில் கலந்துகொள்ளும் நிறுவனங்களுக்கெல்லாம் விளம்பர ஐடி எனப்படும், விளம்பரத்துக்காக உங்கள் போனுக்கு இடப்பட்ட அடையாள எண் போகும், அனுமதி கொடுத்திருந்தால் இருப்பிடமும் கூடவே போகலாம். ஏலத்தில் தோற்றவர்கூட அந்தத் தகவலை வைத்துக்கொள்ள முடியும். 2024 டிசம்பரில் மொபைல்வாலா என்ற நிறுவனத்தின்மீது எஃப்டிசி எடுத்த நடவடிக்கை இதைப் பற்றியதுதான். அதே மாதம் கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற இருப்பிடத் தரகு நிறுவனமும், அதாவது மக்களின் இருப்பிடத் தகவலை வாங்கி விற்கும் நிறுவனமும் சிக்கியது. அடுத்த மாதமே அதன் சேமிப்பு திருடப்பட்டது, வெளியானவற்றில் ஆட்டங்கள் உட்பட ஆயிரக்கணக்கான ஆப்களின் பெயர்கள் இருந்தன.

தேவைக்காகவே இருப்பிடம் கேட்கும் ஆப்களிலும் கவனம் வேண்டும். தொழுகை நேரமும் கிப்லா திசையும் சொல்லும் முஸ்லிம் புரோ ஆப்பிலிருந்து எக்ஸ்-மோடு என்ற தரகருக்கு இருப்பிடம் போனதும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் செய்தியாளர்களால் வெளிவந்தன. தரகர்களுடனான உறவைத் துண்டித்துக்கொள்வதாக அந்த ஆப் அறிவித்தது. போக்கிமான் கோ மாதிரி நடந்து ஆடும் ஆட்டத்தில் இருப்பிடம் இல்லாமல் ஆட்டமே இல்லை. ஆனால் 2025ல் அதை நடத்திவந்த நியான்டிக் தன் ஆட்டப் பிரிவை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி என்ற ஆட்ட நிறுவனத்துக்கு விற்றது. நிறுவனம் கைமாறினால் அதில் சேர்ந்திருக்கும் பயனர் கணக்குகளும் கைமாறும். ஓர் ஆட்டத்தில் சேரும்போது அதன் தனியுரிமைக் கொள்கையில் ‘விற்பனை’, ‘இணைப்பு’ என்ற சொற்கள் வரும் பத்தியையாவது படியுங்கள்.

‘பெயரை நீக்கிவிட்டுத்தான் விற்கிறோம்’ என்பார்கள். இதை நம்பவே நம்பாதீர்கள். ஐரோப்பிய நாடு ஒன்றில் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013ல் வெளியான ஆய்வில், இடமும் நேரமுமாக நான்கே நான்கு புள்ளிகள் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று தெரிந்தது. இரவு போன் கிடக்கும் இடம் வீடு, பகலில் கிடக்கும் இடம் வேலை. இந்த இரண்டும் தெரிந்தபின் பெயர் எதற்கு?

இப்போது நம் சட்டம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலையில் ஒரு போதைப்பொருள் வழக்கில், ஜாமீனில் வெளிவருபவர் கூகுள் மேப்ஸில் தன் இருப்பிடத்தைக் காவல்துறைக்குத் தெரியும்படி பகிர வேண்டும் என்ற நிபந்தனையையே அதே நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட அரசு அப்படி ஓயாமல் பின்தொடரக் கூடாது என்றால், மிட்டாய் அடுக்கும் ஆட்டத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

கொள்கை இப்படி இருந்தாலும், கையில் எடுக்கக்கூடிய சட்டம் மெலிந்துதான் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இழப்பீடு தருகிறது, ஆனால் ‘உணர்திறன் மிக்க’ தகவலுக்கு மட்டும். 2011 விதிகளில் அதற்கான பட்டியல் இருக்கிறது: கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், பாலியல் நாட்டம், மருத்துவப் பதிவு, உடல் அடையாளம். இருப்பிடம் அதில் இல்லை. இந்த விதிகள் இந்தியாவில் இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று அரசே விளக்கமும் கொடுத்துவிட்டது.

2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைவிட வலுவானது. சம்மதம் கட்டாயப்படுத்தாமல் பெற்றதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே எடுக்க வேண்டும் என்கிறது. இந்தியர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டு நிறுவனங்களையும் பிடிக்கும். ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அப்போதும் அபராதப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். ஏமாந்தவருக்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது, 43ஏ பிரிவையும் அது நீக்கிவிடுகிறது. இது பெரிய குறை, சட்டம் வந்துவிட்டது என்று கொண்டாடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே இன்று பயன்படக்கூடியவை சில வழிகள்தான். ‘வேண்டாம்’ என்ற பிறகும் எடுத்தார்கள் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43வது பிரிவின் ஆ உட்பிரிவை முன்வைத்து வாதிடலாம். கணினிக்கு உரியவரின் அனுமதியின்றித் தரவை எடுத்தால் இழப்பீடு என்கிறது அது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் தீர்ப்பு அதிகாரி, 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். ஆட்டத்துக்குள் காசு கொடுத்து எதையாவது வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோரும் ஆகிறீர்கள். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்குத் தருவது 2019 நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள், இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். முதல் கட்டமாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம்.

கடன் ஆப் என்றால் உங்கள் பிடி இன்னும் உறுதியானது. தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் பக்கமே போகக் கூடாது, கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது ஒரே ஒரு முறை, வெளிப்படையான சம்மதத்துடன் மட்டும் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. தினமும் லொகேஷன் கேட்கும் கடன் ஆப் விதியை மீறுகிறது. மிரட்டல் வந்தால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எந்த வழியில் போனாலும் வழக்கு நிற்பதும் விழுவதும் சான்றைப் பொறுத்தது. இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கோபத்தில் முதல் வேலையாக ஆப்பை நீக்கிவிடுகிறார்கள். நீக்கினால் நிறுவனத்திடம் இருப்பது அழியாது, உங்களிடம் இருக்கும் தடயம்தான் போகும். வரிசையாகச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் தனியுரிமை, அதில் பிரைவசி டாஷ்போர்டு. எந்த ஆப் எத்தனை மணிக்கு லொகேஷனைத் தொட்டது என்று காட்டும். 24 மணி நேரம், புதிய போன்களில் 7 நாள் வரைதான் பதிவு நிற்கும், அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஐபோனில் ஆப் பிரைவசி ரிப்போர்ட்டை நீங்களே முன்கூட்டி இயக்கியிருக்க வேண்டும். எந்தெந்த இணைய முகவரிகளோடு ஆப் பேசியது என்பதையும் அது சொல்லும். அடுத்து, ஆப்பின் அனுமதிப் பக்கம், பிளே ஸ்டோரில் அதன் ‘டேட்டா சேஃப்டி’ பகுதி, கீழே இருக்கும் உருவாக்குநர் முகவரி ஆகிய மூன்றையும் படம் எடுங்கள். டேட்டா சேஃப்டியில் இருப்பது கூகுள் கொடுத்த சான்றிதழ் அல்ல, நிறுவனமே எழுதிக்கொடுத்த வாக்குறுதி. அதனால்தான் அது உங்களுக்குப் பயன்படுகிறது.

பிறகு விளம்பர ஐடியை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ஆட்டத்தின் பயனர் எண்ணையும் குறிப்பிட்டு, தனியுரிமைக் கொள்கையில் பெயர் போட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் இருப்பிடத் தரவு எந்தத் தேதி முதல் உங்களிடம் இருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தீர்கள், அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தாருங்கள் என்று மூன்றே வரி போதும். இந்திய நிறுவனம் என்றால் 2011 விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். மின்னஞ்சல் போன பின்புதான் செட்டிங்ஸில் தனியுரிமை, விளம்பரங்கள் வழியாகப் போய் விளம்பர ஐடியை அழிக்க வேண்டும். முன்பே அழித்துவிட்டால் எந்தப் பதிவு உங்களுடையது என்று காட்ட வழியில்லாமல் போய்விடும். ஆப்பை நீக்குவது கடைசி வேலை.

இனி வராமல் தடுக்க: லொகேஷன் பக்கத்தில் ‘எப்போதும் அனுமதி’ வரிசையில் எந்த ஆட்டமும் இருக்கக் கூடாது. வானிலை ஆப்புக்கு ‘துல்லியமான இருப்பிடம்’ என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள், ஆண்ட்ராய்டில் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பு என்ற அளவுக்குத்தான் தெரியும், மழை பார்க்க அது போதும். லொகேஷன் சர்வீசஸுக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு இருக்கும். வைஃபையை அணைத்தாலும் இவை சுற்றிலும் தேடிக்கொண்டே இருக்கும், இரண்டையும் அணையுங்கள்.

பிள்ளைகளின் போனை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், பின்தொடர்வதும் இலக்கு வைத்த விளம்பரமும் கூடாது என்று புதிய சட்டத்தின் 9வது பிரிவு சொல்கிறது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அது நடைமுறைக்கு வரும்வரை அந்தப் பொத்தான்களை அணைக்க வேண்டியவர் நீங்கள்தான்.