பைமோல் அனிமேஷனில் காட்டுவதும் மறைப்பதும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமோல் மென்பொருளில் ஒரு புரதத்தைச் சுழற்றிக் காட்டுவது எளிது. மேற்பரப்பு மெல்லக் கரைய வேண்டும், உள்ளே இருக்கும் மருந்து தெரிய வேண்டும், கடைசியில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு மட்டும் மிஞ்ச வேண்டும் என்று கேட்டால்தான் தலைவலி ஆரம்பம்.

புரதத் தரவு வங்கியில் 1எச்எஸ்ஜி என்ற குறியீட்டில் உள்ள கட்டமைப்பையே எடுத்துக்கொள்வோம். எச்ஐவி வைரஸின் புரோட்டியேஸ் என்ற நொதி, 99 அமினோ அமிலங்கள் வீதம் இரண்டு சங்கிலிகள், நடுவில் இண்டினாவிர் என்ற மருந்து, சுற்றிலும் 127 நீர் மூலக்கூறுகள். இவற்றில் 308 எண்ணுள்ள நீர், புரதத்தின் இரு மடல்களையும் மருந்தையும் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைக்கிறது. பார்வையாளர் கவனிக்க வேண்டியது அதைத்தான். ஆகவே புரதம், மருந்து, 308, மற்ற நீர் என, தனித்தனியாக இயக்கி அணைக்கக்கூடிய நான்கு ஆப்ஜெக்ட்கள் வேண்டும்.

பிரிக்க 'எக்ஸ்ட்ராக்ட்' கட்டளைதான் சரி. 'கிரியேட்' நகல் மட்டும் எடுக்கும், அணுக்கள் மூல ஆப்ஜெக்டிலும் இருக்கும். மருந்தை அணைத்த பிறகும் அது திரையில் நின்றால் பெரும்பாலும் இதுவே காரணம்.

மறைக்க இரண்டு வழி உண்டு. 'ஹைட்' குச்சி, கார்ட்டூன் போன்ற வடிவத்தையே எடுத்துவிடும். திரும்பக் கொண்டுவர எதெல்லாம் காட்டப்பட்டிருந்தது என்று நாமே நினைவில் வைத்திருக்க வேண்டும். 'டிசேபிள்' ஆப்ஜெக்டை அணைக்கும், 'எனேபிள்' கொடுத்ததும் பழையபடியே வரும். அனிமேஷனுக்கு எப்போதும் இரண்டாவதுதான். ஒரு சிக்கல்: பிணைப்பைக் காட்டும் புள்ளிக்கோடுகள் தனி ஆப்ஜெக்ட். மருந்தை மட்டும் அணைத்தால் கோடுகள் அந்தரத்தில் தொங்கும்.

சட்டென்று மறைவது கண்ணை உறுத்தும், எனவே ஃபேட், அதாவது மெல்ல மங்குதல், வேண்டும். விநாடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் ஒரு விநாடி, அதாவது 30 ஃபிரேம் போதும். சீன்களை, அதாவது சேமித்துவைத்த காட்சி நிலைகளை, மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. ஒரு சீன் என்பது கேமரா நிலை, நிறம், வடிவம், எது இயக்கத்தில் என்பதைச் சேமிக்கும்; டிரான்ஸ்பரன்சி (ஒளி ஊடுருவும் அளவு) போன்ற செட்டிங்குகளைச் சேமிக்காது. பைத்தான் லூப் எழுதி, 91 முதல் 120 வரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 'எம்டூ' (ஒரு ஃபிரேமில் ஓட வேண்டிய கட்டளையைப் பதிவது) வழியாக டிரான்ஸ்பரன்சி மதிப்பை 0-லிருந்து 1-க்கு ஏற்றி, 121-இல் டிசேபிள் கொடுப்பதே நம்பகமான வழி. மேற்பரப்புக்கு 'டிரான்ஸ்பரன்சி', குச்சிக்கு 'ஸ்டிக்_டிரான்ஸ்பரன்சி', கார்ட்டூனுக்கு 'கார்ட்டூன்_டிரான்ஸ்பரன்சி'. முதலாவது எல்லாவற்றுக்கும் பொது என்று நினைத்துத் தடுமாறுபவர்கள் ஏராளம்.

எம்டூ அந்த ஃபிரேமை எட்டும்போது மட்டும் ஓடும், பின்னோக்கி நகர்த்தினால் எதையும் திருப்பிப் போடாது. ஸ்லைடரை 20-லிருந்து 150-க்கு இழுத்தால் இடையிலுள்ள கட்டளைகள் ஓடவே ஓடாது. படம் மீண்டும் முதலிலிருந்து ஓடும்போது மருந்து காணாமலே இருக்கும். முதல் ஃபிரேமிலேயே எல்லா ஆப்ஜெக்டையும் எல்லா மதிப்பையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் கட்டளைகளைப் போட்டுவிட வேண்டும். ஒரே ஃபிரேமில் இரண்டாவது எம்டூ முதலாவதை அழித்துவிடும். சேர்க்க வேண்டுமென்றால் 'எம்அப்பெண்ட்'. சீன்களையும் எம்டூவையும் கலப்பதும் வம்புதான்: எம்டூ அணைத்ததை அடுத்த சீன் மறுபடி ஏற்றிவிடும். கேமரா அசைவுக்கு 'எம்வியூ' கட்டளை, மறைத்தலுக்கு எம்டூ என்று பிரித்துக்கொண்டால் நிம்மதி.

ஃபேட்டில் மிகவும் எரிச்சலூட்டுவது ஒற்றை அடுக்கு டிரான்ஸ்பரன்சி. அந்த முறையில் முன்னால் இருக்கும் ஒரு கண்ணாடிப் படலம் மட்டுமே வரையப்படும். மேற்பரப்பு பாதி கரைந்த நிலையில் மருந்தையும் கரைக்கத் தொடங்கினால், அது மெல்ல மங்காமல் பொசுக்கென்று மறையும். பல அடுக்கு முறைக்கு மாற்றலாம், ஆனால் குச்சிகளின் உள் இணைப்புகள் எட்டிப்பார்த்து அசிங்கமாகும். மேற்பரப்பை முழுதாகக் கரைத்து அணைத்துவிட்டு, பிறகு மருந்துக்கு வருவதே மேல். இரண்டும் ஒன்றாகக் கரைய வேண்டிய அவசியம் விளக்கவுரையில் அநேகமாக வராது.

கேமராவுக்கு மிக அருகில் இருப்பதை வெட்டி மறைக்கும் கிளிப்பிங் தளத்தால் மேற்பரப்பை வெட்டிக் காட்டும் குறுக்குவழி இங்கே உதவாது. அது கேமராவைச் சேர்ந்தது, ஆகவே மருந்தையும் சேர்த்தே வெட்டும்.

ஏற்றுமதிக்கு முன், வரைந்த ஃபிரேம்களைச் சேமித்துவைக்கும் 'கேச் ஃபிரேம்ஸ்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய படங்களே வரும். பிஎன்ஜி வரிசையை ஒளிபுகாப் பின்னணியோடு எடுப்பது நல்லது. வழக்கமான எச்.264 எம்பி4 வீடியோ ஆல்ஃபாவைத் (ஒளிபுகும் பின்னணித் தகவலை) தாங்காது, வெற்றிடம் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். படங்களை வீடியோவாக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் ஒய்யூவி420பி (yuv420p) பிக்சல் வடிவம் கொடுங்கள், அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருக்கட்டும்; இல்லையென்றால் என்கோடிங்கே நின்றுவிடும். பேச்சின் நடுவே நிறுத்த வேண்டிய இடங்களில் படத்தைத் துண்டாக்கி, ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு துண்டு வையுங்கள். முந்தைய துண்டின் கடைசி ஃபிரேமே அடுத்ததன் முதல் ஃபிரேமாக இருந்தால் மாறுவது தெரியாது.