பிராட்: பிள்ளைகளின் ஆங்கில உச்சரிப்பு எங்கே தடுக்குகிறது என்று காட்டும் மென்பொருள்

யாங்கோனில் டியூஷனுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மிய மொழி. ஆங்கிலச் சொல் ஒன்று வாயில் கெடும்போது எந்த மொழியின் பழக்கம் குறுக்கே வருகிறது என்று காதால் மட்டும் பிரிப்பது கடினம். அதற்குப் பிராட்டை (Praat) விட நல்ல கருவி எங்களுக்குத் தெரிந்து இல்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்க்கும் எழுதியது. இலவசம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், நெட் இல்லாமலே பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் மதிப்பெண் போடாது. ஒலியைப் படமாகக் காட்டும், அதைப் படிப்பது ஆசிரியர் வேலை.

இதன் அருமை 'கேட்', 'கேப்' போன்ற சொற்களின் கடைசி ஒலியில் தெரியும். பர்மியப் பழக்கம் அதைத் தொண்டையிலேயே அடைத்துவிடும், இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பழக்கம் 'கேட்டு', 'கேப்பு' என்று உகரம் சேர்க்கும். தொண்டை அடைப்பு என்றால், படத்தில் உயிரொலியின் கடைசிச் செங்குத்துக் கோடுகள் (ஒவ்வொன்றும் குரலின் ஒரு துடிப்பு) ஒழுங்கு குலைந்து சட்டென்று நின்றுவிடும். உகரம் என்றால் ஒரு வெற்றிடம், வெடிப்புக் கோடு, அதன்பின் மறுபடியும் உயிரொலியின் கறுத்த பட்டைகள். முதல் பிள்ளைக்கு உதட்டையும் நாக்கையும் முழுக்க மூடப் பழக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு மூடிய பிறகு குரலை நிறுத்தப் பழக்க வேண்டும். இருவரிடமும் "கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லு" என்றால், முதல் பிள்ளையும் உகரம் சேர்க்க ஆரம்பித்துவிடும்.

அடுத்தது சொல்லின் முதல் ஒலி. குண்டூசியைச் சொல்லும் 'பின்', குப்பைத்தொட்டியைச் சொல்லும் 'பின்' இரண்டையும் பதியுங்கள். 'நியூ' மெனுவில் 'ரெக்கார்டு மோனோ சவுண்ட்', 44100 ஹெர்ட்ஸ். பிறகு 'வியூ அண்ட் எடிட்'. உதடு வெடிக்கும் இடத்திலிருந்து, குரல் தொடங்கும் முதல் செங்குத்துக் கோடு வரை மவுஸால் இழுத்தால், இடையில் மூச்சு மட்டும் வெளிவரும் நேரம் விநாடியில் வரும். குண்டூசிக்கு ஆங்கிலத்தில் பொதுவாக 0.05 விநாடியோ அதற்கு மேலோ இருக்கும். பிள்ளைக்கு 0.01, 0.02 என்று வந்தால் ஆங்கிலேயர் காதில் அது குப்பைத்தொட்டிதான். வேண்டிய மூச்சு பர்மிய மொழியில் ஏற்கெனவே இருக்கிறது: கன்னத்துக்கும் தவளைக்கும் அங்கே உள்ள சொற்கள் இந்த மூச்சால்தான் வேறுபடுகின்றன. தவளையைச் சொல்லச் சொல்லி, அதே மூச்சோடு குண்டூசிக்கு வரச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. ஜெனரேட்டர் ஓடும்போது பதியவே கூடாது. அந்த இரைச்சல் படத்தின் அடியில் கறுப்புப் பட்டையாக விழுந்து, குரலில்லாத (தொண்டை அதிராத) ஒலியையும் குரலுள்ளதாகக் காட்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் மூச்சுக்காற்று மோதி வெடிப்பு மங்கிவிடும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வைத்து 'ஸ', 'ஷ' வேறுபாட்டைப் பார்க்காதீர்கள். அதற்கான தடயம் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது, கோப்பைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவதும் அதுதான்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் படத்தின் மேல் விழும் சிவப்புப் புள்ளிகள். எந்த உயிரொலி என்று பிரித்துக் காட்டும் அவற்றின் உச்ச வரம்பு பெண்களின் குரலுக்கேற்ப 5500 ஹெர்ட்ஸில் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு 8000 வரை உயர்த்தச் சொல்கிறது பிராட்டின் கையேடு. மாற்றாமல் விட்டால் 'ஷிப்', 'ஷீப்' இரண்டிலும் புள்ளிகள் கண்ட இடத்தில் சிதறும், நன்றாகச் சொன்ன பிள்ளையையும் தப்பென்று திருத்திவிடுவோம்.

மேற்கைச் சொல்லும் 'வெஸ்ட்' என்ற சொல்லில் உதடு குவிகிறதா, பல் படுகிறதா என்று அறிய இது தேவையில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே போதும். 'திங்க்' சொல்லின் முதல் ஒலியும் படத்தில் மிக மங்கலாகவே விழும், அதற்குக் காதையே நம்பலாம். பிராட்டின் திரையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பத்து நிமிடப் பதிவை வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் தனியே உட்கார்ந்து பார்த்து, மறுநாள் ஒரே ஒரு ஒலியைத் திருத்த எடுத்துக்கொள்வதே சரி.