தையில் கல்யாணம், லங்காவியில் தேனிலவு: எங்கள் நான்கு நாள்

கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் சிங்கப்பூர் சாங்கியில் விமானம் ஏறினோம். ஒன்றரை மணி நேரத்தில் மலேசியாவின் லங்காவித் தீவு. இந்த நான்கு நாளுக்காக நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நம் பக்கத்துக் கல்யாணக் கணக்கை வைத்து யாரும் எழுதி என் கண்ணில் படவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் சொன்னது தியோமான். சின்ன வயதில் ஜூன் விடுமுறைக்கு அப்பா அம்மாவோடு போன தீவு அது, தண்ணீருக்குள் என் கால் விரல்கள் தெரிந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. கூட வேலை பார்க்கும் மலாய் அக்காவிடம் சொன்னபோது, "பிப்ரவரியிலா? அங்கே படகே சரியாக ஓடாதே" என்றார். அப்புறம்தான் உட்கார்ந்து காற்றுக் கணக்கைப் பார்த்தேன். மார்கழியில் நமக்குக் கல்யாணம் கிடையாது, தை பிறந்ததும் வரிசையாக முகூர்த்தம். அந்த நேரத்தில் அடிப்பது வடகிழக்குப் பருவக்காற்று. மலேசியாவின் கிழக்குக் கரை முழுக்க அதை வாங்கிக்கொள்ளும். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பல விடுதிகள் பூட்டியிருக்கும். பாலியிலும் அப்போது நல்ல மழைக்காலம். மேற்குக் கரையில் இருக்கும் லங்காவிக்கோ டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வெயில் காலம், கடலும் அமைதி. ஆவணியில் கல்யாணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ், செப்டம்பர் அக்டோபரில் லங்காவியில் நல்ல மழை கொட்டும்.

இன்னொன்று, சீனப் புத்தாண்டு பெரும்பாலும் தைக்குள்ளேயே வந்துவிடும். அந்த வாரம் டிக்கெட் விலை எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. நாங்கள் அது முடிந்து ஐந்து நாள் கழித்துப் போனோம்.

செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு முதலில் ஒரு பயண முகவரிடம் "தேனிலவு பேக்கேஜ்" வாங்கினேன். பெயர் வேண்டாம். நான்கு நாளில் ஒன்பது இடம். காலை ஏழு மணிக்கு வேனில் ஏற வேண்டும், வேனில் இன்னும் பன்னிரண்டு பேர். லங்காவியில் பிப்ரவரியில் ஏழு மணி என்றால் வெளியே இருட்டாகத்தான் இருக்கும் என்பது அட்டவணை போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் மட்டும் போய்விட்டு மீதியை ரத்து செய்தேன். 180 வெள்ளி திரும்பி வரவில்லை. வருத்தம்தான், ஆனாலும் அந்த முடிவுதான் எங்கள் பயணத்தைக் காப்பாற்றியது. எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். என் கணவர் சிதம்பரத்துக்காரர், இங்கே சிங்கப்பூரில் கப்பல்பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கல்யாணத்துக்கு முன் நாங்கள் தனியாகப் பேசியதே ஆறேழு தடவைதான். வீடு திரும்பினால் நான்கறை வீட்டில் அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் இருப்பார்கள். இந்த நான்கு நாளை வேனில் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கார் எடுத்தோம். லங்காவியில் பொதுப் பேருந்தை நம்பிப் போக முடியாது. கிராப் வாடகைக் கார் கிடைக்கும் என்றாலும் கார் இருந்தால் நம் நேரம் நம் கையில். சிங்கப்பூர் லைசென்ஸ் போதும், நான்தான் ஓட்டினேன்.

கேபிள் காருக்குப் போனோம். மச்சின்சாங் மலை மேல் 2.2 கிலோமீட்டர் தூரம் ஏறுகிறது. அந்தப் பாறைக்கு ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல் வயதாம். இதையெல்லாம் வைத்துத்தான் 2007-இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்கா என்று அறிவித்தது. எனக்கு உயரம் என்றால் பயம். பெட்டி மரங்களுக்கு மேலே சட்டென்று செங்குத்தாக ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கையைப் பிடிக்கலாமே" என்றேன். "வேலை இடத்துல இப்படித்தான் பிடிப்போம். விரல் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது" என்றார். பிறகு கம்பி வடம் எப்படிப் பின்னியிருக்கிறது, ஒரு இழை அறுந்தால் மற்றவை எப்படித் தாங்கும் என்று மேலே போய்ச் சேரும்வரை பொறுமையாக விளக்கினார். உச்சியில் இறங்கியபோது என் கை நடுக்கம் நின்றிருந்தது.

மேலே இருக்கும் ஸ்கை பிரிட்ஜுக்குத் தனி டிக்கெட். 125 மீட்டர் நீளம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 660 மீட்டர் உயரம். ஒரே ஒரு தூணிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பிகளில் வளைந்து தொங்குகிறது. அவர் அந்தத் தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார், தொழில் ஆர்வம். காற்று பலமாக இருந்தால் கேபிள் காரையே நிறுத்திவிடுவார்கள், அதனால் இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். காலையில் கேபிள் கார் திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றால் வரிசை குறைவு. தாராளமாகப் போகலாம், நான்கு நட்சத்திரம்.

எங்கள் பயணத்தின் உயிர் மூன்றாம் நாள்தான், கிலிம் அலையாத்திக் காட்டில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போனது. கிலிமைச் சுற்றிப்பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று மோட்டார் படகு: வௌவால் குகை, மீன் பண்ணை, பருந்து என்று சுற்றிக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பேக்கேஜில் முதல் நாள் போனது அதில்தான். படகுக்காரர் கோழித் தோலைத் தண்ணீரில் வீச, பத்திருபது செம்பருந்துகள் மேலே வட்டமிட்டு இறங்கின. செம்பருந்துதான் நம் கருடன். என் கணவர் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. வேட்டையாட வேண்டிய பறவை மோட்டார் சத்தத்தைக் கேட்டு ஓடி வருவதைப் பார்க்க வேதனையாக இருந்தது.

கயாக் அப்படி இல்லை. வழிகாட்டி முந்தின நாள் இரவுதான் நேரம் சொன்னார், கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்துவிட்டு. தண்ணீர் ஏறும் நேரத்தில் போனால்தான் வேர்களுக்கு நடுவே நுழைய முடியுமாம். இருவர் உட்காரும் கயாக், நான் முன்னால், அவர் பின்னால். முதல் கால் மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றினோம். நான் இடப்பக்கம் தள்ளினால் அவரும் இடப்பக்கம் தள்ளுவார். பிறகு அவர் மெல்ல "ஒண்ணு... ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தார், படகு நேராகப் போனது.

உள்ளே போகப் போகச் சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, கீழே பாசி நிறத்தில் தண்ணீர், சுரபுன்னை வேர்கள் விரல் ஊன்றி நிற்பதுபோல. சேற்றில் சின்ன மீன் ஒன்று துடுப்பை ஊன்றித் தவழ்ந்து போனது. வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டி, "இதைத் தொடாதீர்கள். பூத்தா பூத்தா, பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்" என்றார். பூத்தா என்றால் மலாயில் குருடு. இவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அந்த இலையையே பார்த்தார். "இது தில்லை" என்றார். எனக்குப் புரியவில்லை. "எங்க ஊர் பேரு. தில்லைவனம்னு சொல்றாங்கல்ல, அந்த மரம் இதுதான். இப்ப ஊருக்குள்ள இல்ல, பிச்சாவரத்துல போய்த்தான் பார்க்கணும். எங்கப்பா காட்டியிருக்கார்."

அவர் அப்பா நான்கு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அதுவரை அவரைப் பற்றி இவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மரத்தடியில் கயாக் அசையாமல் நிற்க, பிச்சாவரத்துக்கு அப்பா சைக்கிளில் கூட்டிப்போனது, படகுக்காரருக்குக் காசு குறைந்து திட்டு வாங்கியது, எல்லாம் சொன்னார். நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ. வழிகாட்டி பத்தடி தள்ளிப் போய் அமைதியாகக் காத்திருந்தார், அந்த மனிதருக்கு என் நன்றி. ஐந்து நட்சத்திரம். முடிந்தால் இதை முதலில் பதிவு செய்துவிட்டு மற்றதை இதைச் சுற்றி வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலைப் படகு உலா நன்றாக இருந்தது. படகின் பின்னால் வலை கட்டி, ஓடும் கடல் தண்ணீரில் உட்கார வைக்கிறார்கள், அது சுகம். பாட்டுச் சத்தம்தான் அதிகம். சூரியன் ஏழரைக்கு மேல்தான் இறங்குகிறது. செனாங் கடற்கரையில் ஜெட் ஸ்கி வேண்டாம், குளிப்பவர்களுக்கு இடைஞ்சல். மசூரி சமாதிக்கு ஒரு மணி நேரம் போதும். கணவன் போருக்குப் போன சமயத்தில் பழி சுமத்தப்பட்டு, சாகும்போது வெள்ளை ரத்தம் சிந்தி, ஏழு தலைமுறைக்குத் தீவைச் சபித்த பெண்ணின் கதை. எனக்குக் கண்ணகி ஞாபகம் வந்தாள்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. குவா ஊரில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) கல்லாவில் இருந்த பாய், நாங்கள் பேசுவதைக் கேட்டு, "தம்பி எந்த ஊரு?" என்றார். சிதம்பரம் என்றதும் பரோட்டாவோடு இன்னொரு கரண்டி டால்ச்சா வந்தது. லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது, கெடாதான் கடாரம். 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிய சீமை. இதை அந்தப் பாய் சொல்லித்தான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

உங்களில் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூரர்களுக்கு அது தேவையில்லை என்பதால் நான் மறந்துவிட்டேன், சாங்கியில் வரிசையில் நின்றபடி அவருக்காகத் தட்டினேன். தீர்வையில்லாத் தீவுதானே என்று மது வாங்கி வராதீர்கள், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு சிங்கப்பூரில் மது வரிவிலக்கு கிடையாது. சாக்லேட் வாங்கலாம், என் தம்பிக்கு இரண்டு கிலோ வாங்கினேன்.

நான்காம் நாள் எதுவும் போடவில்லை. விமானம் மாலையில்தான். காலை டீ குடித்துவிட்டு, விடுதி வராந்தாவில், அவர் மணிக்கணக்கில் பேசினார், நான் கேட்டேன். பிறகு நான் பேசினேன். கார் திருப்பிக் கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது என்று கடைக்காரர் போன் செய்த பிறகுதான் பெட்டியைக் கட்டவே ஆரம்பித்தோம்.