ஆர்ட்ஸ் ஹவுஸில் எழுத்தாளர் வாய்வழியே ஒரு கதை

எழுத்தாளர் சந்திப்பு என்றால் உடனே கிளம்பிவிடும் ஆள் நான். ஆனால் நம் கூட்டங்கள் பலவற்றில் எழுத்தாளரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம், அவர் தன் எழுத்தை வாசித்துக் கேட்க வாய்ப்பே அமைவதில்லை. சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவில் நான் போன ஒரு தமிழ் அமர்வு அப்படி இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்த இடம் ஆர்ட்ஸ் ஹவுஸ். 1827இல் கட்டிய பழைய நாடாளுமன்றக் கட்டடம், சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், வெளியே சயாம் மன்னர் தந்த வெண்கல யானை நிற்கும். உள்ளே சேம்பர் என்று ஓர் அரங்கு, 1999 வரை நாடாளுமன்றம் கூடிய அறை. பழைய இருக்கை அமைப்பை மாற்றாமல் வைத்திருப்பதால் வாசிப்பவரை மட்டுமல்ல, எதிர் வரிசையில் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களையும் பார்க்க முடிகிறது. கதை கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எழுத்தாளர் உள்ளூர்க்காரர். புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில் குறிகள், எங்கே நிறுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று முன்பே யோசித்து வந்திருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் கீழே உட்கார்ந்து மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மாவின் கதை. நான் ஏற்கெனவே படித்ததுதான். அம்மா இரண்டாவது முறை "சாப்டியாப்பா" என்று கேட்கும் வரியை வீட்டில் சாதாரணமாகக் கடந்துவிட்டேன், அவர் அதை முதல் தடவையைவிடச் சன்னமான குரலில் வாசித்து, கொஞ்சம் நிறுத்தினார் பாருங்கள், அப்போதுதான் கதையே அந்த இடத்தில் இருக்கிறது என்று புரிந்தது. நெறியாளரும் சரியாக அதையே பிடித்துக்கொண்டு, மகன் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டார். முதல் வரைவில் பதில் இருந்ததாம், படித்துப் பார்த்து அடித்துவிட்டாராம். இப்படி ஒரு வரியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதைக் கேட்கத்தானே போகிறோம்!

இதே எழுத்தாளரின் நூல் வெளியீடு ஒன்றுக்கும் போயிருந்தேன். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, முதல் பிரதி, வரிசையில் நின்று படம் எடுப்பது எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு அவர் வந்தபோது நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு நீட்டினார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. வெளியீட்டு மேடையில் புத்தகம் விற்றால்தான் அச்சுச் செலவாவது திரும்பும், அதனால் அந்தச் சடங்குகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்து, நூலாசிரியருக்கு இருபது நிமிடம் வாசிக்கக் கொடுங்கள். அப்புறம், கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கி உரையாற்றுபவர்களை நெறியாளர்கள் தயங்காமல் நிறுத்த வேண்டும்.

எழுத்தாளர் விழா 1986இல் தொடங்கியது, முன்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 2011இலிருந்து ஆண்டுதோறும். தமிழ் உட்பட சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்கும் இடம் உண்டு. தமிழ் அமர்வுகளுக்குக் கூட்டம் வந்தால்தான் அடுத்த முறையும் நல்ல அரங்கு கேட்க முடியும், ஆகவே லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வரும் நாளிலேயே ஓர் எட்டு வந்துவிடுங்கள். விழா வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஏப்ரலில் தமிழ்மொழி விழா இருக்கிறது, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்திலும் அவ்வப்போது நிகழ்ச்சிகள் நடக்கும்.

போவதற்கு முன் ஒரு கதையாவது படித்துவிட்டுப் போங்கள், கையெழுத்து வாங்க உங்கள் பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். விழாவின் நிகழ்ச்சி நிரல் வந்ததும், எழுத்தாளரே வாசிக்கிறார் என்று போட்டிருக்கும் அமர்வுக்கு முதலில் பதிவு செய்யுங்கள்.